புது சர்வரில் பழைய விண்டோஸ் ஓடுமா? போடி ஏலக்காய்க் கடைக்கும் பொட்டிபுரம் ஆய்வகத்துக்கும் ஒரே கேள்வி!

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் கம்ப்யூட்டருக்கு மாறி ரொம்ப நாளாகிவிட்டது. கூவி ஏலம் கேட்ட காலம் போய், ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் வந்தது. 2021-ல் போடி, கேரளத்தின் புற்றடி ஆகிய இரண்டு மையங்களிலும் ஒரே நேரத்தில் ஏலம் கேட்கும் கிளவுட் முறையும் வந்துவிட்டது. ஏலம் கேட்பதற்காக போடிமெட்டு ஏறி இறங்க வேண்டிய தேவை குறைந்தது.

ஆனால் ஏல மையத்தை விட்டு வெளியே வந்தால், கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் கதை வேறு. உதாரணத்துக்கு ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். எந்தத் தோட்டக்காரருக்கு எவ்வளவு முன்பணம், யார் சரக்கு எத்தனை கிலோ, எந்தத் தரம், எந்த விலைக்குப் போனது என்று எல்லாக் கணக்கும் ஒரே சாஃப்ட்வேரில் இருக்கிறது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தக் கடைக்காகவே எழுதிக் கொடுத்தது. எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அது ஓடுவது விண்டோஸ் சர்வர் 2003 அல்லது விண்டோஸ் 7-ல். ஒரு நாள் காலையில் மெஷின் ஆன் ஆகவில்லை.

கடைக்காரர் என்ன செய்வார்? நல்ல கம்பெனி சர்வராகப் புதுசு ஒன்று வாங்குவார். 'பழைய விண்டோஸையே இதில் போட்டுக் கொடுங்க, நம்ம சாஃப்ட்வேர் ஓடினா போதும்' என்பார்.

அது நடக்குமா? நடந்தால் நல்லதா? இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

பழசை ஏன் விட முடியவில்லை?

'காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொள்ள வேண்டியதுதானே' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். கடைக்காரர் பிடிவாதத்தால் மட்டும் பழசை வைத்துக்கொண்டிருப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சாஃப்ட்வேர் திறக்கவில்லை என்றால் கணக்கும் திறக்காது. 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு ஏலக்காய். அப்படி விலை ஏறி இறங்கும் வியாபாரத்தில் பழைய பாக்கி என்ன என்பதற்கு அந்தக் கணக்குதான் சாட்சி.

இன்னொரு சங்கடம் 'டாங்கிள்'. பழைய சாஃப்ட்வேர்கள் பலவற்றுக்கு, கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகும் ஒரு சின்னச் சாவி உண்டு. அது இல்லாவிட்டால் சாஃப்ட்வேர் திறக்காது. பழைய டாங்கிள்கள் பிரின்டர் கேபிள் சொருகும் பேரலல் போர்ட்டுக்கு என்று செய்யப்பட்டவை. புது சர்வரில் அந்த போர்ட்டே கிடையாது. எடை மெஷினை இணைக்கும் சீரியல் போர்ட்டுக்கும் ஏறக்குறைய அதே கதிதான்.

புது மெஷின் ஏன் அடம்பிடிக்கிறது?

ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது இயங்குதளம், தானாக எந்த வன்பொருளோடும் பேசிவிடாது. நடுவில் 'டிரைவர்' என்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். 2003-ல் வந்த விண்டோஸில் 2003 வரை இருந்த கருவிகளுக்கான டிரைவர்தான் இருக்கும். அதன் பிறகு வந்த கருவிகளை அதற்கு அடையாளமே தெரியாது.

விண்டோஸ் 7-ஐ ஒரு புது மெஷினில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். இன்ஸ்டால் திரை வரும். மொழியைத் தேர்வு செய்யச் சொல்லும். ஆனால் கீபோர்டும் மவுஸும் அசையாது. காரணம், புது மெஷின்களில் இருப்பது யுஎஸ்பி 3.0, அதற்கான டிரைவர் விண்டோஸ் 7 டிஸ்க்கில் கிடையாது. எப்படியோ அதைத் தாண்டினால் அடுத்த சிக்கல்: 'டிஸ்க் எதுவும் இல்லை' என்று சொல்லும். உள்ளே புத்தம் புது என்விஎம்இ டிஸ்க் இருக்கும். பழைய விண்டோஸின் கண்ணுக்கு அது தெரியாது.

சரி, பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் புது சர்வரில் மாட்டினால்? பெரும்பாலும் பாதியிலேயே நீலத் திரை வந்து நின்றுவிடும்.

மெஷின் ஆன் ஆகும் முறையே மாறிவிட்டது என்பது இன்னொரு விஷயம். முன்பு 'பயாஸ்' என்ற முறை. இப்போது 'யுஇஎஃப்ஐ'. புது மெஷின்களில் பழைய பயாஸ் முறைக்கும் இடம் கொடுக்கும் வசதியை 2020-க்குள் கைவிடப் போவதாக இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. சாதாரண சர்வர்களுக்கான விண்டோஸ் சர்வர் 2003-க்கு யுஇஎஃப்ஐ முறையில் எழுந்திருக்கவே தெரியாது.

இதையெல்லாம் தாண்டி எழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 64 ஜிபி ரேம் போட்டு வாங்கிய சர்வரில் 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 ஸ்டாண்டர்ட் பயன்படுத்துவது அதிகபட்சம் 4 ஜிபி மட்டுமே. கொடுத்த காசில் பெரும்பகுதி பெட்டிக்குள்ளேயே சும்மா கிடக்கும்.

விண்டோஸுக்கு மட்டும் உள்ள நோய் இல்லை இது. லினக்ஸில் சென்ட்ஓஎஸ் 6, 7 போன்ற பழைய வெர்ஷன்களும் புது நெட்வொர்க் கார்டைப் பார்த்துத் திருதிருவென விழிப்பது உண்டு.

சில நேரம் கம்பெனியே கதவைச் சாத்திவிடும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் 2017 ஏப்ரலிலேயே, 7-ம் தலைமுறை இன்டெல் ப்ராசசரும் ஏஎம்டி ரைசனும் உள்ள மெஷின்களில் விண்டோஸ் 7, 8.1-க்கு அப்டேட் இறங்காமல் தடுத்துவிட்டது. கெடு முடிய இரண்டரை வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தும், மெஷின் புதுசு என்ற ஒரே காரணத்துக்காக அப்டேட் கிடையாது. கம்பெனியின் கணக்கு கம்பெனிக்கு. வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமாகத் தெரியவில்லை.

'ஓடுதே, அப்புறம் என்ன?'

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. மெஷின் புதுசாக இருப்பதால் எல்லாமே புதுசாகிவிட்டது போல ஒரு நிம்மதி வந்துவிடும். திருடன் வருவது இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டை வழியாக. ரேமையும் ப்ராசசரையும் மாற்றினால் அந்த ஓட்டை அடைபடாது.

2017 மே 12-ம் தேதி 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. ஃபைல்களைத் திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஸ்தம்பித்தன. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களும் மாட்டின. பழைய விண்டோஸில் ஃபைல்களைப் பகிர உதவும் எஸ்எம்பி வெர்ஷன் 1 என்ற வழியில் இருந்த ஓட்டைதான் அதன் வாசல். யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரே நெட்வொர்க்கில் ஒரு மெஷினிலிருந்து அடுத்த மெஷினுக்குத் தானாகவே பரவியது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. மாட்டியவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அப்போது விண்டோஸ் 7-க்கு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டும் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-ம் தேதியே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். ஆதரவு இருந்த காலத்திலேயே இந்த நிலை என்றால், இனி அப்டேட்டே வராத இயங்குதளத்தின் நிலை என்ன?

கடைகளில் இன்னொன்றும் நடக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்பி, சர்வர் 2003 போன்றவற்றுக்கு எஸ்எம்பி வெர்ஷன் 1 மட்டும்தான் தெரியும். புது விண்டோஸில் அது மூடித்தான் வருகிறது. 'பழைய கம்ப்யூட்டர் சர்வரோடு கனெக்ட் ஆகவில்லை' என்று சொன்னால், சர்வீஸுக்கு வருபவர் புது சர்வரிலும் அதைத் திறந்துவிட்டுப் போய்விடலாம். ஒரு பழைய மெஷினுக்காகப் புது மெஷினின் கதவையும் திறந்து வைத்த கதையாகிவிடும். சர்வர் வேகமானதாக இருந்தால் ஃபைல்களைப் பூட்டும் வேலையும் வேகமாகவே முடியும்.

ஏடிஎம்களில் என்ன நடந்தது?

இந்தியாவில் இந்தப் பிரச்சினை பெரிய அளவில் வெளியே தெரிந்தது ஏடிஎம்களில்தான். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகும் ஏடிஎம்கள் எக்ஸ்பியிலேயே பணம் எண்ணிக்கொடுத்துக்கொண்டிருந்தன. 2017 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. வங்கிகள் அசையவில்லை. 2018 ஜூன் 21-ம் தேதி கெடுவோடு உத்தரவு வந்தது: ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு 2018 செப்டம்பருக்குள் 25 சதவீதம், டிசம்பருக்குள் 50, 2019 மார்ச்சுக்குள் 75, ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களும் மாற வேண்டும்.

அந்த உத்தரவில் கடைக்காரர்களுக்கும் உதவக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. இயங்குதளத்தை மாற்றும் வரை மெஷினைத் திறந்துபோட்டு வைக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். பயாஸுக்குப் பாஸ்வேர்ட் போடுவது, யுஎஸ்பி போர்ட்டை முடக்குவது, சொருகியதும் தானாக ஓடும் வசதியை நிறுத்துவது - இதற்கெல்லாம் 2018 ஆகஸ்ட் வரைதான் கெடு. அனுமதித்த புரோகிராம் தவிர வேறு எதுவும் ஓடாதபடி செய்ய 2019 மார்ச் வரை அவகாசம் தரப்பட்டது.

செலவு தாங்காது என்று ஏடிஎம் துறையின் கூட்டமைப்பு 2018 நவம்பரில் கொதித்தது. நாட்டில் இருந்த சுமார் 2.38 லட்சம் ஏடிஎம்களில் ஏறக்குறைய பாதி 2019 மார்ச்சுக்குள் மூடப்படலாம் என்று எச்சரித்தது. அந்த அளவுக்கு மூடல் நடக்கவில்லை. ஆனால் சாஃப்ட்வேரை மாற்றினால் ஹார்டுவேரையும் மாற்ற வேண்டிவரும் என்ற அவர்களின் புலம்பலில் உண்மை இருந்தது. கடைக்காரரின் சிக்கல் இதற்கு நேர் எதிர்: அவரிடம் ஹார்டுவேர் மாறிவிட்டது, சாஃப்ட்வேர் மாறவில்லை.

பொட்டிபுரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

போடி மேற்கு மலைப்பகுதியில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்ட ஊர் பொட்டிபுரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. திட்டமிட்ட 50,000 டன் இரும்புக் கருவிக்குப் பதிலாக, மதுரையில் 85 டன் எடையில் ஒரு சின்ன மாதிரிக் கருவிதான் அமைந்தது.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது வேறு. இப்படிப்பட்ட துகள் இயற்பியல் ஆய்வுகள் பத்து, இருபது வருஷம் ஓடும். அதற்குள் கம்ப்யூட்டர்கள் மூன்று நான்கு முறை மாறிவிடும். ஆனால் முதல் வருஷம் எடுத்த தரவைக் கடைசி வருஷமும் அதே சாஃப்ட்வேரில் திறந்து சரிபார்க்க வேண்டும். ஏலக்காய்க் கடையின் 72 மாதப் பிரச்சினையேதான், அளவு மட்டும் பெரிது.

உலகமெங்கும் இந்தத் துறை பல ஆண்டுகள் நம்பியிருந்தது 'சயின்டிஃபிக் லினக்ஸ்' என்ற இயங்குதளத்தை. அமெரிக்காவின் ஃபெர்மிலேப் 2004-ல் கொண்டுவந்தது. 8-ம் வெர்ஷன் வராது என்று 2019-ல் அறிவித்துவிட்டார்கள். 7-ம் வெர்ஷனுக்கும், அதன் சகோதரன் மாதிரியான சென்ட்ஓஎஸ் 7-க்கும் 2024 ஜூன் 30-ம் தேதி ஆதரவு முடிந்தது. இயற்பியல் விஞ்ஞானி என்பதற்காக யாரும் கெடுவை நீட்டிக்கவில்லை.

அவர்கள் கண்டுபிடித்த வழிதான் முக்கியம். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 'பாபார்' என்ற பரிசோதனை 1999 முதல் 2008 வரை தரவு எடுத்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அந்தத் தரவை ஆராய வேண்டியிருந்தது. பழைய இயங்குதளத்தைப் புது சர்வரில் நேரடியாக ஏற்றிப் போராடாமல், புது சர்வரில் புது இயங்குதளத்தைப் போட்டு, அதற்குள் 'விர்ச்சுவல் மெஷின்' என்ற பாவனைக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதற்குள் பழசை ஓட்டினார்கள். பாவனை மெஷின் பழைய காலத்து டிஸ்க், பழைய நெட்வொர்க் கார்டு போல நடிக்கும். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்குத் தான் புது மெஷினில் இருப்பதே தெரியாது.

அதோடு நிறுத்தவில்லை. பழைய இயங்குதளத்தில் யாரோ ஏற்கெனவே புகுந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொண்டு திட்டம் போட்டார்கள். அந்த விர்ச்சுவல் மெஷின்களை ஃபயர்வாலுக்குப் பின்னால் தனியாக அடைத்தார்கள். 'பத்திரமாக இருக்கும்' என்று நம்பாமல், 'ஏற்கெனவே போயாச்சு' என்று நினைத்துக் கட்டியது அது.

இங்கே அந்த அடைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை காட்டியது. 2022 நவம்பர் 23-ம் தேதி அதன் சர்வர்கள் முடங்கி, நாட்கணக்கில் பேனா, பேப்பரில் வேலை நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே ஊடுருவலுக்குக் காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது.

அப்போ கடைக்காரர் என்ன பண்ணலாம்?

விஞ்ஞானிகள் செய்ததைச் சின்ன அளவில் செய்யலாம். மெஷின் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதன் டிஸ்க்கை முழுசாக நகல் எடுப்பது முதல் வேலை. செத்த பிறகு செலவும் அதிகம், நிச்சயமும் இல்லை. ஓடுகிற விண்டோஸை அப்படியே விர்ச்சுவல் டிஸ்க்காக மாற்றும் 'டிஸ்க்2விஎச்டி' என்ற இலவசக் கருவியை மைக்ரோசாஃப்டே தருகிறது. மிகப் பழைய விண்டோஸில் அது ஓடாமல் போகலாம். அதற்கு வேறு நகல் கருவிகள் உண்டு. புது விண்டோஸ் சர்வரில் 'ஹைப்பர்-வி' கூடவே வருகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் போன்றவை இலவசம்.

டாங்கிள் இருந்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். யுஎஸ்பியில் சொருகிய டாங்கிளை ஹைப்பர்-வி நேரடியாக உள்ளே அனுப்பாது. விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம் அனுப்பும். சர்வர் வாங்கி, எல்லாம் ஏற்றி, கடைசியில் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய மெஷினோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பொதுவாக அந்த மெஷினோடு முடிந்தது. புது மெஷினுக்கு மாற்ற முடியாது. புதிதாக விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் வாங்கினால், அதற்குப் பதிலாகப் பழைய வெர்ஷனை ஓட்டிக்கொள்ளும் உரிமை அதிலேயே உண்டு. ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் இரண்டு விர்ச்சுவல் மெஷின் வரை ஓட்டலாம். விற்பவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

விர்ச்சுவல் மெஷின் ஓட்டையை அடைக்காது என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பழைய விண்டோஸ் அதே பழைய விண்டோஸ்தான். அதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டாம். அதில் மெயில் பார்ப்பது, பென் டிரைவ் சொருகுவது, வாட்ஸ்அப் வெப் திறப்பது எதுவும் வேண்டாம். ஜிஎஸ்டி, பேங்க் வேலைகளை அப்டேட் வரும் வேறு கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். எப்படியும் விண்டோஸ் 7-க்கான கடைசி குரோம், 2023 தொடக்கத்தில் வந்த 109-ம் வெர்ஷனோடு நின்றுவிட்டது. நகல் ஒன்று வேறு டிஸ்க்கில் எடுத்து, கேபிளைப் பிடுங்கி அலமாரியில் வைக்க வேண்டும். கேபிளோடு இருக்கும் பேக்கப்பையும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அந்த நகலைத் திறந்து ஒரு பில்லாவது பார்த்தால்தான் அது நகல் என்று நம்பலாம்.

அப்படியும் தாக்குதல் நடந்தால் மறைக்கக் கூடாது. நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் சிஇஆர்டி-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ம் தேதி வந்த உத்தரவு.

அடுத்து யாருடைய முறை?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ம் தேதி இலவச ஆதரவு முடிந்தது. நிறுவனங்கள் காசு கொடுத்து அதிகபட்சம் மூன்று வருஷம் அப்டேட் வாங்கலாம். முதல் வருஷம் ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். ஒவ்வொரு வருஷமும் அது இரட்டிப்பாகும். விண்டோஸ் சர்வர் 2012-க்குக் காசு கொடுத்து வாங்கும் அப்டேட்டின் கடைசி நாள் 2026 அக்டோபர் 13, அதாவது ஏலக்காய் அறுவடை மும்முரமாக நடக்கும் நேரம். சர்வர் 2016-க்குக் கெடு 2027 ஜனவரி 12.

உங்கள் கடையில் ஓடுவது எது என்று தெரியவில்லையா? கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், எந்த வெர்ஷன் என்று திரையிலேயே வந்துவிடும்.